இடி பக்கத்தில் விழுந்தால்: ஏலமலையில் என்னிடம் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கம்பம்மெட்டிலிருந்து நெடுங்கண்டம் போகிற வழியில் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா காய் எடுத்தார், நானும் எடுத்தேன். 11 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மதியம், நாங்கள் ஒதுங்கி நின்ற மரத்தில் இடி விழுந்தது. மரத்தடியில் நாலு பேர் இருந்தோம். மூன்று பேர் பிழைத்தோம்.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கம்பம், உத்தமபாளையத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி வருகிறவர்கள், லயத்துப் பிள்ளைகள், மலையாளி வீட்டுச் சேச்சிகள் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். டாக்டர்களிடம் கேட்டதும், பிறகு முதலுதவி வகுப்பில் படித்ததும், என் உடம்பே எனக்குச் சொன்னதும் இதில் இருக்கின்றன. நேரமில்லாதவர்கள் "தொட்டால் கரண்ட் அடிக்குமா" என்ற நாலாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அன்று என்னதான் நடந்தது?

காலையில் நல்ல வெயில். துலா மாதம் என்று நாங்கள் சொல்கிற ஐப்பசியில் இங்கே அப்படித்தான் இருக்கும். காலையில் துணி காயும், மதியம் வானம் இருண்டுவிடும். காய் எடுக்கிற வேலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஏலச்செடியின் காய் தரையை ஒட்டி ஓடுகிற சரத்தில் இருக்கும். குனிந்து, உட்கார்ந்து, விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். மேலே நிழல்மரம், தலைக்கு மேல் ஏல இலை. நிமிர்ந்து வானம் பார்க்க நேரமும் இருக்காது, வழியும் இருக்காது. மேகம் கறுத்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. தூரத்தில் இரண்டு முறை உறுமியது காதில் விழுந்தது. "இன்னும் ஒரு நிரைதான், முடிச்சிட்டுப் போயிருவோம்" என்று நான்தான் சொன்னேன்.

மழை சடசடவென்று இறங்கியதும் நாலு பேர் ஒரு சில்வர் ஓக் மரத்தடிக்கு ஓடினோம். மிளகுக் கொடி ஏறிய, அந்தச் சரிவிலேயே உயரமான மரம். பக்கத்து லயத்து அக்கா மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். அவருக்கு அருகில் வேலைக்குப் புதிதாக வந்த பெண், 19 வயது இருக்கும். நானும் கங்காணிப் பெரியவரும் நாலைந்து அடி தள்ளி நின்றோம்.

அப்புறம் வெள்ளை. அதைத்தான் சொல்ல முடியும். கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகப் போனது. எல்லோரும் சத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்குச் சத்தம் நினைவில் இல்லை. நினைவு வந்தபோது சேற்றில் குப்புறக் கிடந்தேன். காதில் ஒரே ரீங்காரம். பட்டாசு வெடித்த இடத்து வாசனையும் முடி கருகின வாசனையும் கலந்து வந்தது. ஒரு செருப்பு கிழிந்து தூரத்தில் கிடந்தது, இன்னொன்றைக் காணோம். எழுந்திரிக்கலாம் என்று பார்த்தால் இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. கத்தினேன். கங்காணியும் "அம்மா, அம்மா" என்று முனகினார். மற்ற இரண்டு பேரிடமிருந்து சத்தமே இல்லை.

மேல் நிரையில் இருந்தவர்கள் ஓடி வந்து, ஒரு பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார்கள். "தொடாதீங்க, கரண்ட் இருக்கும்" என்று யாரோ கத்தினார்கள். நேரம் போனது. பிறகு ஒருவர் துணிந்து வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நாடி இல்ல, முடிஞ்சிருச்சு" என்றார். அந்தப் பெண்ணுக்கும் அதையே சொன்னார். கத்திக்கொண்டிருந்த என்னை முதலில் தூக்கினார்கள்.

ஜீப் ஓட்டுகிற அண்ணன் சத்தம் கேட்டு ரோட்டிலிருந்து ஓடி வந்தார். முன்பு எப்போதோ முதலுதவிப் பயிற்சி எடுத்தவர். யாரையும் கேட்காமல் அந்தப் பெண்ணின் பக்கத்தில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தவும் வாயில் ஊதவும் ஆரம்பித்தார். "இன்னொருத்தருக்கு யாராச்சும் செய்யுங்கய்யா" என்று நடுநடுவே கத்தினார். எப்படிச் செய்வது என்று வேறு ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் இருமினாள். அக்காவுக்கு அவர் திரும்பியபோது காலம் கடந்திருந்தது.

விழப்போகிறது என்று முன்கூட்டியே ஏதாவது தெரிந்ததா?

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கங்காணி மட்டும், கையில் ரோமம் எழுந்து நின்றது, மரத்தில் வண்டு ரீங்கரிப்பது போலக் கேட்டது என்று பிறகு சொன்னார். அது உண்மையான அறிகுறிதான். மேகத்தின் அடியில் திரண்ட மின்னூட்டம் தரையில் எதிர் மின்னூட்டத்தை இழுக்கிறது. அது உயரமான பொருள்களின் நுனியில், நம் தலைமுடியிலும் கூட, மேல் நோக்கித் திரளும். முடி சிலிர்த்தால், தோல் ஊறினால், வேலிக்கம்பி ஙொய்யென்று சத்தம் போட்டால் இருப்பது சில நொடிதான். அந்த நொடியில் மரத்தை விட்டு, மேட்டை விட்டு ஓடுங்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் வருவதில்லை. அதை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

உங்கள் தலையில் விழவில்லையே, மரத்தில்தானே விழுந்தது? பிறகு எப்படிக் கால் போனது?

நானும் டாக்டரிடம் இதைத்தான் கேட்டேன். இடி நேராக ஒருவர் மேல் விழுவது அபூர்வம். மின்னல் அடிபட்டவர்களில் மிகச் சிலருக்கே அப்படி நடக்கிறது.

அக்காவுக்கு நடந்தது வேறு. மரத்தில் இறங்கிய மின்சாரம், மரத்தை விட எளிதான வழியாக மனித உடம்பைக் கண்டு பக்கவாட்டில் தாவுகிறது. மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் தாவக்கூட வேண்டாம், நேராகவே வரும். எனக்கும் கங்காணிக்கும் நடந்தது தரை வழியாக வந்தது. மரத்தடியில் இறங்கிய மின்சாரம் குளத்தில் கல் போட்ட அலை போல மண்ணில் பரவுகிறது. மரத்துக்கு அருகில் அழுத்தம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. ஒரு கால் மரத்துக்குப் பக்கம், இன்னொரு கால் ஒரு முழம் தள்ளி என்று நின்றால், இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. மின்னலில் அடிபடுகிறவர்களில் மிகப் பெரிய பங்கு இப்படித் தரை வழியாகத்தான்.

ஒரே இடியில் ஆடுமாடு கூட்டமாகச் சாவதும் இதனால்தான். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம், நடுவில் இதயம் இருக்கிறது. எங்கள் மலை போன்ற இடத்தில், மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. மின்சாரம் ஆழத்துக்கு எளிதில் இறங்காமல் மேல்மண்ணிலேயே வெகுதூரம் ஓடும். அதனால் மரத்திலிருந்து நாலு அடி தள்ளி நிற்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இடி விழுந்தவரைத் தொட்டால் நமக்குக் கரண்ட் அடிக்குமா?

அடிக்காது. அடிக்கவே அடிக்காது. அறுந்து கிடக்கிற மின்கம்பியில் தொடர்ந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், அதனால் அங்கே தொடக் கூடாது. மின்னல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உடம்பைக் கடந்து போய்விடுகிறது. உடம்பில் எதுவும் மிச்சம் இருக்காது. உடனே தொடலாம், தூக்கலாம். இந்த ஒரு விஷயம் அன்று அங்கே நின்றவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும், அக்கா இன்று இருந்திருக்கலாம் என்று நான் நம்புகிறேன். நின்றவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் அக்காவை நேசித்தவர்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உடம்புக்குள் நடப்பதைக் கேளுங்கள். மின்னல் பாய்ந்ததும் இதயம் ஒரு கணம் நின்றுபோகலாம். ஆனால் இதயத்துக்குத் தானாகத் துடிக்கிற சக்தி உண்டு, பல நேரம் அது தானே மறுபடி தொடங்கிவிடும். மூச்சை நடத்துகிற மூளைப்பகுதி மட்டும் அதிர்ச்சியிலிருந்து மீள அதிக நேரம் எடுக்கும். இதயம் துடிக்கிறது, மூச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் காற்றில்லாமல் போனால், மீண்டு வந்த இதயமும் இரண்டாவது முறை நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் யாராவது வாயோடு வாய் வைத்து ஊதிக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். அந்தப் பெண் அப்படித்தான் பிழைத்தாள்.

மணிக்கட்டில் நாடி பார்த்து முடிவு கட்டக் கூடாது. மின்னல் அடித்ததும் கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். கை சில்லென்று இருக்கும், நீலம் பாரிக்கும், நாடி கிடைக்காது. உயிரோடு கத்திக்கொண்டிருந்த எனக்கே காலில் நாடி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கண்ணின் பாவை விரிந்து அசையாமல் நிற்பதை வைத்தும் செத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. மின்னல் அதையும் செய்யும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இடி தொடர்ந்தால் முதலில் மரத்தடியிலிருந்து அவரை இழுத்து வெளியே கொண்டு போங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று நெஞ்சைப் பாருங்கள். வரவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அடியை வைத்து, மற்ற கையை அதன்மேல் கோத்து, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேகமாக அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 30 அழுத்தலுக்கு ஒரு தரம், தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயில் 2 முறை ஊதுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள்.

நாலு பேர் விழுந்து கிடந்தால், சத்தம் போடுகிறவரை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கிடக்கிறவரிடம் முதலில் போங்கள். மற்ற விபத்துகளில் செத்தது போலக் கிடப்பவரைக் கடைசியில் பார்ப்பார்கள். மின்னலில் மட்டும் இது தலைகீழ். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, அவர் தப்பித்துவிடுவார். நான் கத்தினேன், அதனால் என்னைத் தூக்கினார்கள். அந்த ஐந்து பத்து நிமிடம் எனக்குத் தேவையே இருக்கவில்லை. இதை எங்கே போனாலும் முதலில் சொல்வது அதனால்தான்.

சாணத்திலோ மண்ணிலோ கழுத்துவரை புதைத்தால் கரண்ட் இறங்கிவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். இறங்குவதற்கு உடம்பில் கரண்டே இல்லை. மூச்சு கொடுக்க வேண்டிய நேரம்தான் அதில் போய்விடும்.

பிழைத்த பிறகு உடம்பில் என்னென்ன இருந்தது?

கால் மூன்று மணி நேரத்தில் திரும்பியது. முதலில் எறும்பு ஊர்வது போல, பிறகு நெருப்பு போல எரிச்சல், பிறகு அசைவு. மின்னல் அடிபட்டவர்களுக்கு இப்படிக் கால் தற்காலிகமாகச் செயலிழப்பது வழக்கமாம். இடது காது ஜவ்வு கிழிந்திருந்தது. தோளில் காயம் பெரிதாக இல்லை, ஆனால் பெரணி இலையை ஒட்டவைத்தது போலச் சிவப்பாக ஒரு கோலம் இருந்தது. அம்மா அதைப் பார்த்து அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று அழுதார். மறுநாள் அது மறைந்துவிட்டது. மின்சாரம் போகிற இடத்தில் இந்த மாதிரி கிளைகிளையாக உருவம் உண்டாவதை 1777ல் லிச்டன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார், அதனால் டாக்டர்கள் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள்.

மின்னல் போகிற பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது, சூரியனின் மேற்பரப்பை விட ஐந்து மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் நான் ஏன் கருகவில்லை என்று கேட்கிறார்கள். தொடுகிற நேரம் மிக மிகக் குறைவு, அதனால் ஆழமான தீக்காயம் பலருக்கு வருவதில்லை. வெளியில் காயம் இல்லாததால்தான் "ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள்.

ஒன்றும் ஆகாமல் இல்லை. முதல் ஓராண்டு தூக்கம் வரவில்லை. எடை போட்ட காயின் கணக்கைச் சொல்லி முடிக்கும் முன்பே மறந்துபோகும். பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். கை கால் குடைச்சல் இன்றும் இருக்கிறது. இவையெல்லாம் நரம்பிலும் மூளையிலும் மின்னல் விட்டுப்போகிற பாதிப்பு, சோம்பேறித்தனமோ பேய்க்கோளாறோ கிடையாது. கண்ணில் புரை பிறகும் வரலாம், அதனால் சில மாதங்கள் கழித்துக் கண்ணைக் காட்டுங்கள். அடிபட்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் மாறிவிட்டார் என்று சண்டை போடாமல் ஒரு வருடமாவது பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் பொறுத்தார், நான் மீண்டேன்.

ஏன் இந்த மலையில் இவ்வளவு இடி? அதுவும் துலா மாதத்தில்?

ஆடி மாதம் இங்கே நாள்கணக்கில் மழை கொட்டும், ஆனால் இடி அதிகம் கேட்காது. தென்மேற்குப் பருவத்து மேகங்கள் பெரும்பாலும் உயரம் குறைந்தவை. ஐப்பசியில் கதை வேறு. காலை வெயிலில் மலைச்சரிவு சூடாகிறது. ஈரக்காற்று சரிவில் மேலேறுகிறது, கிழக்கிலிருந்து வருகிற காற்றும் மலையில் மோதுகிறது. மதியத்துக்குள் மேகம் 10 கிலோமீட்டருக்கும் மேல் கோபுரமாக எழும்புகிறது. அந்த உயரத்தில் பனித்துகளும் சிறு ஆலங்கட்டியும் ஒன்றோடொன்று உரசுவதில் மின்னூட்டம் பிரிகிறது. அதுதான் மின்னல். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் இப்படி நடக்கும்.

துலாவர்ஷம் என்கிற இந்தப் பருவமழைக் காலத்தில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருக்கும்படி கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது. எங்களுக்குக் காய் எடுப்பு மும்முரமாக இருப்பதும் அதே மாதங்களில், வேலை முடிவது 4 மணிக்கு மேல். அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் எல்லோருடைய உயிரும் தொங்குகிற நேரம். துலா மாதத்தில் மட்டுமாவது வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடிக்கலாம் என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டுவருகிறேன். சில இடத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மரத்தடி கூடாது என்றால் தோட்டத்துக்குள் எங்கேதான் போவது?

மிக நியாயமான கேள்வி. ஏலத்தோட்டம் முழுக்க மரம்தான். நல்ல பதில் ஒன்றுதான்: இடி பக்கத்தில் வரும் முன்பே கட்டடத்துக்குப் போய்விடுவது. காய் உலர்த்துகிற ஸ்டோர், லயம், பள்ளிக்கூடம் எதுவானாலும் நாலு பக்கமும் சுவர் இருக்க வேண்டும். நாலு கம்பு நட்டுத் தகரம் போட்ட எடைக் கொட்டகை மழைக்கு ஆகும், இடிக்கு ஆகாது.

ஜீப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டிக்குள் இருந்தால் இடி ஒன்றும் செய்யாது, டயர் ரப்பர் காப்பாற்றும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். காப்பாற்றுவது டயர் இல்லை. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வருகிற மின்சாரத்துக்கு ஒரு சாண் ரப்பர் எம்மாத்திரம்? காரின் இரும்புக் கூரையும் இரும்புச் சுவரும்தான் கூண்டு போல நின்று, மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்துகின்றன. நம் ஆட்கள் ஏறி வருகிற ஜீப்புகள் பலவற்றுக்கு மேலே படுதாதான். படுதா ஜீப்புக்கு அந்தக் கூண்டு இல்லை. இரும்புக் கூரை போட்ட வண்டி என்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கம்பியைத் தொடாமல் உட்காருங்கள்.

எதுவுமே கிட்டவில்லை, சரிவில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால், உயரமான ஒற்றை மரத்தை விட்டு விலகி, தாழ்வான இடத்தில், உயரம் குறைந்த செடிகளுக்கு நடுவே போங்கள். தரையில் படுக்காதீர்கள், உடம்பின் நீளம் முழுக்கத் தரை மின்சாரத்துக்கு வழியாகும். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துக் குந்துங்கள். கூட்டமாக ஒட்டி நிற்காமல் ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்கள், ஒருவருக்கு அடிபட்டால் உதவ இன்னொருவர் வேண்டும். இது பாதுகாப்பு ஆகாது, ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே.

இடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 நொடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போக வேண்டிய நேரம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். ஏல நிழலில் மின்னல் கண்ணில் படாது என்பதால் நான் எளிதாகச் சொல்வது இது: உறுமல் காதில் விழுந்தால் போதும், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். மழை இன்னும் வரவில்லையே என்று நிற்காதீர்கள். மழை பெய்கிற இடத்தைத் தாண்டி 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும்.

அரிவாள், செல்போன், தாலிச் சங்கிலி இதெல்லாம் இடியை இழுக்குமா?

இழுக்காது. மின்னல் தேடுவது உயரத்தையும், தனித்து நிற்பதையும், கூர்மையையும். கையடக்க இரும்புக்காக அது வழி மாறி வருவதில்லை. இடி இடித்தால் அரிவாளையோ உலக்கையையோ வாசலில் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதை எடுத்துப் போட வாசலுக்குப் போவதுதான் ஆபத்து. நகை போட்டிருந்தால் அந்த இடத்தில் சூடேறிக் காயம் ஆகலாம். நீளமான இரும்புத் தோட்டியைத் தூக்கிப் பிடித்து நடந்தால் நீங்களே உயரமாகிவிடுகிறீர்கள், அதைக் கீழே போட்டுவிடுங்கள். செல்போனில் பேசலாம். சார்ஜரில் செருகியிருக்கும்போது மட்டும் கூடாது. ரப்பர் செருப்பின் கதையை என் செருப்பே சொல்லிவிட்டது.

வீட்டுக்குள் இருந்தால் போதுமா?

வெளியை விட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் வாசல்படியும் திண்ணையும் வீடாகாது. மின்சார வயர், கேபிள் வயர், தண்ணீர்க் குழாய் மூன்றும் மின்னலை உள்ளே கொண்டுவரும். டிவி, மிக்சி பிளக்கை இடி தொடங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். இடித்துக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள். குளிப்பது, பாத்திரம் கழுவுவது இரண்டையும் தள்ளிப்போடலாம். கான்கிரீட் சுவருக்குள் கம்பி இருக்கிறது, சாய்ந்து உட்கார வேண்டாம். வீட்டை ஒட்டித் தென்னையோ பலாவோ நின்றால் அந்தப் பக்கத்து அறையில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

ஒரே இடத்தில் இரண்டாவது முறை இடி விழாதாமே?

விழும். உயரமான மரம், கோபுரம், பாறை உச்சி இவற்றில் திரும்பத் திரும்ப விழும். மனிதருக்கும் அப்படித்தான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஷெனான்டோவா தேசியப் பூங்காவில் வனக்காவலராக இருந்த ராய் சல்லிவன் 1942 முதல் 1977 வரை 7 முறை மின்னலில் அடிபட்டுப் பிழைத்தார். அவர் வேலை மலையில், வெளியில். நம் வேலையும் அப்படித்தான். "ஒனக்குத்தான் ஒருதடவை விழுந்திருச்சே, இனிமே வராது" என்று யாராவது எனக்கு ஆறுதல் சொன்னால் நான் ஏற்பதில்லை.

பாவம் செய்தவர்கள் மேல்தான் இடி விழும் என்கிறார்களே?

அக்கா தன் சோற்றில் பாதியை அடுத்த லயத்துக் கிழவிக்குக் கொடுத்துவிட்டு வேலைக்கு வருகிறவர். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்வது தவறா என்று பிள்ளைகள் கேட்கும். சொல்லுங்கள் கண்ணுகளா, வீட்டுக்குள் ஓடிக்கொண்டே சொல்லுங்கள்.

செல்போனில் எச்சரிக்கை வருமா?

'தாமினி' என்ற செயலி இருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நீங்கள் நிற்கிற இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் நடக்கிறதா என்று காட்டும். ஜீப் ஓட்டுநர், சூப்பர்வைசர் போனிலாவது இருக்கட்டும். எல்லையில் இருப்பவர்கள் இடுக்கிக்கு வருகிற எச்சரிக்கை, தேனிக்கு வருகிற எச்சரிக்கை இரண்டையும் பாருங்கள். மலையாள அறிவிப்பைப் படிக்கத் தெரியாதே என்று விடாதீர்கள், அவர்களும் 'இடிமின்னல்' என்றுதான் சொல்கிறார்கள், கேட்டால் புரியும்.

எல்லையில் அடிபட்டால் ஆம்புலன்சுக்கு எங்கே சொல்வது? பணம் ஏதும் கிடைக்குமா?

இரண்டு மாநிலத்திலும் 108தான். மேட்டில் நிற்கும்போது போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது, அதனால் எடுத்ததும் மாநிலம், ஊர், பக்கத்து ஜங்ஷன் மூன்றையும் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஜீப்பில் ஏற்றுங்கள், போகிற வழியெல்லாம் மூச்சு கொடுத்துக்கொண்டே போங்கள்.

கேரளம் மின்னலை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. துக்கத்தில் யாருக்கும் காகிதம் பார்க்கத் தோன்றாது, அதனால் இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். போலீஸ் பதிவிலும் ஆஸ்பத்திரிச் சான்றிலும் மின்னல் தாக்கியது என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பயமாக இருக்கிறதா?

இருக்கிறது. இடியோசை கேட்ட நாகம் என்பார்களே, முதல் இரண்டு ஐப்பசி நான் அப்படித்தான் சுருண்டு கிடந்தேன். இப்போது ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலையில் இருக்கிறேன். உறுமல் கேட்டால் கை தானாக நிற்கும். எழுந்து போய் வாசலில் இரும்புத் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பேன், நிரைகளில் இருக்கிறவர்கள் ஏறி வந்துவிடுவார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவேன்.

அந்த மரத்தின் பட்டை உச்சியிலிருந்து வேர் வரை ஒரு கோடாக உரிந்துவிட்டது. இரண்டு கோடை தாங்கியது, பிறகு பட்டுப்போனது. அந்தப் பெண் கல்யாணமாகிக் கீழே உத்தமபாளையத்தில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அங்கிருந்து பார்த்தால் மலைமேல் மேகம் திரள்வது எங்களுக்கு முன்பே அவளுக்குத் தெரியும். துலா மாதத்தில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் என் போன் அடிக்கும். "அக்கா, மேட்டுல கறுத்துருச்சு. எல்லாரும் உள்ள வந்துட்டாங்களா?" என்பாள். நான் போனைப் பிடித்தபடியே மணியடிக்கப் போவேன்.